உள்ளம் கவர்தல்: பறிகொடுத்தவர் சொல்ல வேண்டிய சொல்

சீதையை இராவணன் கவர்ந்து சென்றான்.

சீதையின் உள்ளத்தை இராமன் கவர்ந்தான்.

இரண்டிலும் வினைச்சொல் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் அது கடத்தல், இரண்டாவதில் காதல். குற்றத்துக்கும் அன்புக்கும் சேர்த்து ஒரே சொல் வேலை பார்ப்பதை நாம் தினமும் கேட்கிறோம். ஆனால் நின்று கவனிப்பதில்லை. திரைப்பட விமர்சனம், ஆண்டு விழாச் செய்தி, துணிக்கடை விளம்பரம் என்று எங்கு பார்த்தாலும் ‘மனதைக் கவர்ந்தது’ இருக்கிறது. அதிகம் புழங்கிப் புழங்கி அந்தச் சொல்லுக்குள் இருக்கும் திருட்டு நம் காதில் விழாமலே போய்விட்டது.

மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல்லோடு நான் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். அதில் புரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவர்தல் என்பது பறித்தவர் செய்கிற செயல்தான். ஆனால் அன்பைப் பற்றிப் பேசும்போது, அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை பறிகொடுத்தவருக்குத்தான் உண்டு.

கவர்தலுக்கு அகராதிகள் தரும் பொருள்கள்: பற்றிக்கொள்ளுதல், பறித்தல், திருடுதல், நுகர்தல், விரும்புதல், மனத்தை வசமாக்குதல். ‘கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று’ என்று முடியும் 100ஆவது குறளில் திருட்டும் இல்லை, காதலும் இல்லை. பழம் கையில் இருக்க, காயை எடுத்துத் தின்பது என்ற அளவில்தான் பொருள். பழைய உரையும் அங்கே ‘நுகர்தல்’ என்றே சொல்கிறது. ஆக, ஒன்றைத் தனதாக்கிக்கொள்வதுதான் இந்தச் சொல்லின் அடித்தளம். எதை, யாரிடமிருந்து, அவர் சம்மதித்தாரா என்பதைப் பொறுத்து அது உணவாகவும் களவாகவும் அன்பாகவும் மாறுகிறது.

தொல்காப்பியத்தின் உரியியலில் ‘கவர்வு விருப்பாகும்’ என்று ஒரு சின்ன நூற்பா உண்டு. இரண்டே சொல். ஆனால் இந்த விஷயத்தில் இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை. கவர்தலுக்கு விருப்பம் என்ற பொருள் சினிமாப் பாட்டு வந்த பிறகு ஒட்டிக்கொண்டதோ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கண நூலே அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது.

அதே தொல்காப்பியம் இன்னொரு இடத்தில் ‘வெட்சிதானே குறிஞ்சியது புறனே’ என்கிறது. வெட்சி என்றால் பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்ந்து வருவது. ‘ஆநிரை கவர்தல்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இருக்கும். குறிஞ்சி என்றால் தலைவனும் தலைவியும் மறைவில் கூடுவது. போர் ஒழுக்கம் ஒன்றையும் காதல் ஒழுக்கம் ஒன்றையும் இணை சேர்க்கும்போது, மாடு கவர்வதை மனம் கவர்வதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இருட்டு வேண்டும். இரண்டும் ஊருக்குத் தெரியாமல் தொடங்குகிறவை. திருமணத்துக்கு முந்தைய காதலுக்கே ‘களவு’ என்றுதான் பெயர். ஆக, ‘உள்ளம் கவர்ந்தான்’ என்பது யாரோ ஒரு கவிஞருக்குத் திடீரென்று தோன்றிய உவமை இல்லை. காதலைக் களவாகவே பார்த்த ஒரு மரபு முழுவதும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது.

இனி, சிவபெருமானைப் பற்றிச் சம்பந்தர் பாடிய முதல் பதிகத்துக்கு வருவோம். 7ஆம் நூற்றாண்டு, சீர்காழி. ‘தோடுடைய செவியன்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டில்தான் ‘என் உள்ளம் கவர் கள்வன்’ வருகிறது. பதிகம் நெடுக அந்தத் தொடர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு விஷயங்களை இங்கே கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இலக்கணம். ‘கவர்ந்த கள்வன்’ என்று பாடியிருந்தால் களவு நடந்து முடிந்துவிட்டது, கள்வன் போய்விட்டான் என்று ஆகியிருக்கும். ‘கவர்கின்ற’ என்றால் இப்போது மட்டும். ‘கவரும்’ என்றால் இனிமேல்தான், அல்லது வழக்கமாக. ‘கவர் கள்வன்’ என்பது வினைத்தொகை. காலம் காட்டும் உறுப்பே அதில் கிடையாது. அதனால் மூன்று காலமும் அதற்குள் அடங்கும். நேற்றும் திருடினான், இன்றும் திருடிக்கொண்டிருக்கிறான், நாளையும் திருடுவான். பொருளைத் திருடுகிறவன் ஒருமுறை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். உள்ளத்தைத் திருடுகிறவன் தினமும் வருவான், தினமும் எடுக்க அங்கே ஏதோ மிச்சம் இருக்கும். இதைச் சொல்ல வேறு மொழிக்காரர் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். தமிழில் காலம் காட்டும் உறுப்பை விட்டுவிட்டால் போதும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘கவர்க் கள்வன்’ என்று எழுதக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒற்றைப் போட்டால் மூன்று காலமும் கலைந்துவிடும்.

இரண்டாவது, அந்தக் கள்வன் எந்தக் கோலத்தில் வருகிறான் என்பது. இரண்டாவது பாட்டில் ‘வற்றல் ஓடு கலனாப் பலிதேர்ந்து எனது உள்ளம் கவர் கள்வன்’ என்கிறார். காய்ந்த மண்டையோட்டைப் பாத்திரமாக ஏந்திப் பிச்சை கேட்டு வருகிறவன் அவன். வாசலில் ஒன்றுமில்லாதவனாக நிற்கிறான், போகும்போது வீட்டுக்காரரின் உள்ளம் அவனிடம் இருக்கிறது. மனம் கவர்தல் நிஜமாகவே எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சரியான படம் எனக்குக் கிடைத்ததில்லை. மிடுக்கோடு வந்து எடுத்துக்கொண்டு போகிறவரிடம் நாம் கொடுத்துவிடுவதில்லை. கேட்டு நிற்கிறவரிடம்தான் இழக்கிறோம்.

1258ஆவது குறளும் இதே ரகம். ‘பன்மாயக் கள்வன் பணிமொழி அன்றோநம் பெண்மை உடைக்கும் படை.’ பல மாயம் செய்யும் கள்வன் என்று தலைவி அவனைத் திட்டுகிறாள். ஆனால் அவன் கையில் இருந்த ஆயுதம் எது? பணிவான பேச்சு. பெண்மையை உடைக்கும் படை என்று அவள் சொல்வது அந்தப் பணிமொழியைத்தான்.

இந்த இரண்டிலும் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். சம்பந்தர் பறிகொடுத்தவர். குறளில் பேசும் தலைவி பறிகொடுத்தவள். ‘நான் கவர்ந்தேன்’ என்று சிவபெருமான் சொல்லவில்லை, அந்தத் தலைவனும் சொல்லவில்லை.

இதை இன்றைய பேச்சில் வைத்துச் சோதிக்கலாம். ‘அந்தப் பிள்ளை என் மனசைக் கவர்ந்துவிட்டான்’ என்று ஒரு பாட்டி சொன்னால் அதில் நெகிழ்ச்சி இருக்கிறது. ‘நான் அந்தப் பாட்டியின் மனதைக் கவர்ந்துவிட்டேன்’ என்று அந்தப் பிள்ளை சொன்னால்? இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் கேட்கிறவர் முகம் மாறும். அவன் அன்பாக நடந்துகொண்டது போய், காரியத்தோடு நடந்துகொண்டான் என்று ஆகிவிடும். ‘நான்’ என்று தன்மையில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்த திருட்டு விழித்துக்கொள்கிறது.

இன்னொரு சோதனை. ‘மக்களைக் கவர்ந்த தலைவர்’ பாராட்டு. ‘மக்களைக் கவரப் புதிய திட்டம்’ என்று ஒரு தலைப்பு வந்தால் படிக்கிறவர் உடனே உஷாராகிறார். ‘மக்களை’ என்பதும் மாறவில்லை, வினையும் மாறவில்லை. ‘கவர்ந்த’ என்பது ‘கவர’ என்று மாறியது, அவ்வளவுதான். முன்னது நடந்து முடிந்ததற்குப் பிறர் தரும் சாட்சி. பின்னது இனி நடத்தப்போகிறவரின் நோக்கம். கவர்வதற்காக, கவரும் வகையில், கவர முயன்று, கவரப் பார்க்கிறான் என்று நோக்கம் தலைகாட்டும் இடத்தில் எல்லாம் இந்தச் சொல்லில் கொஞ்சம் கசப்பு ஏறிவிடும். செய்தி எழுதுகிறவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன். ‘சுற்றுலாப் பயணிகளைக் கவரும் அருவி’ என்று தாராளமாக எழுதலாம், அருவிக்கு நோக்கம் கிடையாது. ‘மாணவர்களைக் கவர ஆசிரியர் எடுத்த முயற்சி’ என்று எழுதும்போது, அந்த ஆசிரியரை அறியாமலே கொஞ்சம் குறைத்துவிடுகிறோம். ‘மாணவர்களுக்கு ஆர்வம் வர’ என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

பெயர்ச்சொல்லின் கதை வேறு. ‘கவர்ச்சி’ ஒருகாலத்தில் நல்ல அகலமான சொல். பேச்சில் கவர்ச்சி, நடையில் கவர்ச்சி, முகத்தில் கவர்ச்சி என்று எதற்கும் பொருந்தும். சினிமாச் செய்திகள் அதை உடையும் உடலும் சார்ந்த ஒரே பொருளுக்குள் இழுத்துக்கொண்டன. இன்று ஒரு பெண் பேச்சாளரைப் பற்றி ‘கவர்ச்சியாகப் பேசினார்’ என்று எழுத யாருக்கும் கை வராது. ‘அவர் பேச்சு அனைவரையும் கவர்ந்தது’ என்றால் ஒரு தயக்கமும் இல்லை. வினைக்கு இருக்கும் மரியாதை அதிலிருந்து பிறந்த பெயருக்கு இல்லாமல் போய்விட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ‘கவர்ச்சிகரமான தள்ளுபடி’ மிச்சத்தையும் முடித்துவைத்தது.

சரி, பக்கத்து வீட்டுச் சொற்களையும் பார்த்தால்தான் கவர்தலின் எல்லை தெரியும்.

ஈர்த்தல் என்றால் இழுத்தல். காந்தம் இரும்பை ஈர்க்கும், பூமி நிலவை ஈர்க்கும். (ஈர்தல் வேறு. அது அறுப்பது. ஈர்வாள் அதிலிருந்து வந்தது. ‘ஈர்ந்தது’ என்றால் அறுத்தது, ‘ஈர்த்தது’ என்றால் இழுத்தது.) இழுப்பதற்கு இடையில் தூரம் இருக்க வேண்டும். அதனால் ஈர்ப்பு என்பது இன்னும் போய்ச் சேராத நிலை. கவனத்தை ஈர்த்தது, பார்வையை ஈர்த்தது என்பது பொருத்தம். ‘அவன்மேல் ஒரு ஈர்ப்பு இருக்கிறது’ என்று சொல்கிற பெண், காதல் என்று சொல்ல இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். கவர்ந்தாயிற்று என்றால் பொருள் கைமாறிவிட்டது. முதலில் ஈர்க்கும், பிறகுதான் கவரும். இந்த வரிசையை மாற்றி எழுதினால் வாக்கியம் தடுக்கும்.

வசீகரித்தல், வசப்படுத்துதல், வசியம் செய்தல் எல்லாம் ஒரே குடும்பம். ஒருவரைத் தன் வசத்துக்குள், கட்டுக்குள் கொண்டுவருவது இவற்றின் வேர்ப்பொருள். இதில் ‘வசீகரம்’ மட்டும் முகத்தோடும் குரலோடும் சேர்ந்து நல்ல பெயர் எடுத்துவிட்டது. ‘வசியம்’ மந்திரக்காரரிடமே தங்கிவிட்டது. மயக்குதல், சொக்க வைத்தல் இரண்டிலும் இழந்தவரின் புத்தி கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை என்ற குறிப்பு உண்டு. ‘சொக்குப்பொடி போட்டுட்டா’, ‘மருந்து வச்சுட்டா’ என்று மகன் மருமகள் பக்கம் சாய்ந்ததும் அம்மாக்கள் சொல்வதில் இருப்பது இந்தச் சந்தேகம்தான். முந்தானையில் முடிந்து வைத்தல், கைக்குள் போட்டுக்கொள்ளுதல், வளைத்துப் போடுதல் எல்லாமே ஓரத்தில் நின்று பார்க்கும் மூன்றாம் மனிதரின் சொற்கள். பறிகொடுத்தவர் இப்படிச் சொல்லமாட்டார். அவருக்கு அது வளைத்ததாகவே தெரியாது.

மேலே இருக்கிறவரின் தயவுக்காகச் செய்வதற்குப் பேச்சுத் தமிழில் தனிப் பட்டியலே இருக்கிறது: காக்கா பிடிப்பது, ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, வால் பிடிப்பது. ஒருவருடைய அன்பை எப்படியாவது பெற்றுவிட வேண்டும் என்று கிளம்புகிறவனை நம் மொழி எவ்வளவு உன்னிப்பாகக் கண்காணிக்கிறது என்பது இந்தச் சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். இவற்றில் ஒன்றுகூடப் பாராட்டு இல்லை.

நான் மிகவும் வியக்கிற சொல் ‘பிடித்தல்’. இதுவும் கைவேலைதான். கயிற்றைப் பிடிக்கிறோம், திருடனைப் பிடிக்கிறோம். ஆனால் ‘எனக்கு அவரைப் பிடிக்கும்’ என்னும்போது பிடிக்கிறது யார்? நான் இல்லை. ‘நான்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை, ‘எனக்கு’ என்றுதான் வருகிறது. அவரும் இல்லை, அவர் ‘அவரை’ என்று செயப்படுபொருளாக நிற்கிறார். எழுவாய் இல்லாமலே வாக்கியம் நடக்கிறது. எனக்குச் சளி பிடித்தது, அவனுக்குப் பைத்தியம் பிடித்தது என்ற அமைப்போடு இதை ஒட்டிப் பார்த்தால் விளங்கும். அது எனக்கு நேர்கிறது, யாரும் செய்யவில்லை. ‘பிடித்துப்போய்விட்டது’ என்னும்போது இன்னும் ஒரு படி. அந்தப் ‘போய்’ சேர்ந்ததும், என்னை மீறி நடந்துவிட்டது என்று ஆகிறது. கவர்தலில் ஒரு கள்வன் உண்டு. பிடித்தலில் கள்வனே இல்லை, கதவு மட்டும் திறந்து கிடக்கிறது.

மொழிபெயர்க்கிறவருக்கு இந்த வேறுபாடு கைகொடுக்கும். ஆங்கிலத்தில் ‘எண்டியர்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஒருவரைப் பிறருடைய அன்புக்கு உரியவராக ஆக்குவது என்று பொருள். அகராதிகளில் ‘அன்புக்குரியவராக்கு’ என்று போட்டிருப்பார்கள். பொருள் சரிதான், ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. அந்த ஆங்கில வாக்கியத்தில் ஒருவரின் குணம் எழுவாயாக நிற்கும், அவர் செயப்படுபொருளாக நிற்பார், மக்கள் கடைசியில் வருவார்கள். அப்படியே இறக்கினால் ‘அவருடைய எளிமை அவரை மக்களின் அன்புக்குரியவராக்கியது’ என்று வரும். நானே பல வருடம் இப்படி எழுதியிருக்கிறேன். இப்போது ‘அவ்வளவு எளிமையாக இருந்ததால் மக்களுக்கு அவரைப் பிடித்துப்போனது’ என்று எழுதுகிறேன். அல்லது ‘அவருடைய எளிமை மக்கள் மனதைக் கவர்ந்தது.’ இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. முதலாவதில் நாளாக நாளாகப் பழகிப் பிடித்துப்போகிறது. இரண்டாவதில் பார்த்ததும் கவர்ந்துவிடுகிறது. மூலத்தில் எது இருக்கிறதோ அதற்கேற்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மெல்ல மெல்ல நடந்தது என்றால் ‘மனதில் இடம் பிடித்தார்’ என்பதும் நல்ல தமிழ். அங்கேயும் பிடித்தல்தான் வருகிறது, ஆனால் மனம் போகவில்லை. மனம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்குள் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எதைத் தவிர்க்கலாம் என்று கேட்டால், ‘கவரப்பட்டேன்’ என்பதைச் சொல்வேன். ‘அவர் பேச்சால் கவரப்பட்டேன்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘அவர் பேச்சு என்னைக் கவர்ந்தது’ என்பதில் இருக்கும் உயிர் அதில் இல்லை. எழுதும்போது ‘மனதை’, ‘மனத்தை’ இரண்டும் சரி. மனது என்றால் மனதை, மனம் என்றால் மனத்தை. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் ஒற்று மிகும்: மனதைக் கவர்ந்த. உருபு மறைந்தால் மிகாது: மனம் கவர்ந்த. உறையைக் குறிக்கும் ‘கவர்’ ஆங்கிலத்திலிருந்து வந்த வேறு சொல், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கள்வன் இல்லாமல் நடக்கும் களவுக்கு ஒரு காட்சி. ஒருமுறை ரயிலில் எதிர் இருக்கையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வந்தது. முதல் ஒரு மணி நேரம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் இறங்கி வந்து, பாதி தின்ற பிஸ்கட்டை என் வாயருகே நீட்டியது. நான் வாயைத் திறந்ததும் பிஸ்கட்டைத் திருப்பி எடுத்துத் தானே தின்றுவிட்டது. அதன் அம்மா சிரித்துக்கொண்டே, ‘உங்ககிட்ட ஒட்டிக்கிச்சு சார்’ என்றார். ஒட்டிக்கொண்டது நான். இறங்க வேண்டிய நிலையம் வந்தபோது எனக்குத்தான் எழ மனம் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு எந்த நோக்கமும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து, ‘இன்றைக்கு ஒரு குழந்தை மனசைக் கொள்ளையடித்துவிட்டது’ என்றுதான் சொன்னேன். குழந்தையைக் கொள்ளைக்காரி என்று சொன்னதாக வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

பறிகொடுத்தவர் சொன்னால்தான் அது அன்பு என்ற ஏற்பாட்டில் ஒரு கனம் இருக்கிறது. அவர் சொல் ஒன்றுதான் சாட்சி. எடுத்தவர் இல்லை என்று சொல்லிவிட்டால்?

குறுந்தொகையின் 25ஆவது பாட்டில் கபிலர் காட்டும் தலைவி அந்த இடத்தில்தான் நிற்கிறாள். ‘யாரும் இல்லை, தானே கள்வன்’ என்று தொடங்குகிறாள். அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் யோசித்து, குருகு என்னும் நீர்ப்பறவை ஒன்றும் இருந்தது என்கிறாள். தினைத் தாள் போன்ற சின்னப் பசுங்கால்களோடு ஓடும் நீரில் நின்றுகொண்டிருந்தது.

அது ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.